ஜான் வார்டு தோற்ற ஆண்டு

பேஸ்பாலின் நீண்ட சாதனைப் பட்டியலில் ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் சொந்தமான இடம் ஒன்று இருக்கிறது. பிட்சராக நின்று 164 ஆட்டங்களை வென்றவர், மட்டை பிடித்து 2,000-க்கு மேல் ஹிட்களும் அடித்தவர். நூறு வெற்றிகளையும் இரண்டாயிரம் ஹிட்களையும் ஒருசேரத் தாண்டியவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிட்சராக வாழ்க்கையைத் தொடங்கிய பேப் ரூத்துக்கே 94 வெற்றிகள்தான். அந்த ஆளின் பெயர் ஜான் மான்ட்கோமரி வார்டு.

இந்தச் சாதனைக்காக மட்டும் அவரை நினைத்தால் போதாது. 1890-ல் அவர் ஒரு பெரிய தோல்வியைச் சந்தித்தார். ஆட்டக்காரர்கள் தாங்களே சேர்ந்து நடத்திய ஒரு லீக், அவர் தலைமையில் பிறந்து ஓராண்டில் மறைந்தது. ஆடத் தெரிந்தவனுக்கு நிர்வாகம் தெரியாது, அதனால் கவிழ்ந்தது என்று அந்தக் கதையைச் சொல்வது வழக்கம். வெற்றி பெற்ற தரப்பு தன் வசதிக்காகச் சொல்லி வைத்த விளக்கம் அது. என்ன நடந்தது என்பதை வரிசையாகப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது.

வார்டு 1860 மார்ச் 3 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் பெல்ஃபான்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது ரெனோவோ என்ற ரயில்வே ஊரில். பதினோரு வயதில் தந்தை போனார், பதினான்கு வயதில் பள்ளி ஆசிரியையான தாயும் போனார். பதின்மூன்று வயதிலேயே கல்லூரியில் சேர்ந்த கெட்டிக்காரப் பையன் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, ஊர் ஊராகச் சரக்கு விற்றுப் பார்த்து, அதுவும் சரிப்படாமல் பந்தை நம்பிக் கிளம்பினான். 1878-ல், பதினெட்டு வயதில், நேஷனல் லீக்கின் பிராவிடன்ஸ் கிரேஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது.

அந்தக் காலத்துப் பிட்சர் பட்ட பாட்டை இன்று கற்பனை செய்வதே கடினம். ஓர் அணிக்கு ஒரே பிட்சர், மிஞ்சினால் இரண்டு பேர். பந்தைக் கீழ்க்கையாக வீச வேண்டும். அடிப்பவருக்கும் அவருக்கும் இடையே 45 அடிதான். 1879-ல் வார்டு 47 ஆட்டங்களை வென்றார், கிரேஸ் அணி சாம்பியன் ஆனது. 1880 ஜூன் 17 அன்று பஃபலோ அணியினர் மட்டை பிடிக்க வந்த 27 முறையும் ஒருவரைக்கூட முதல் பேஸைத் தொட விடாமல் அனுப்பினார். ஐந்து நாள் முன்புதான் வூஸ்டர் அணியின் லீ ரிச்மண்ட் இதே காரியத்தை முதன்முதலாகச் செய்திருந்தார். நேஷனல் லீக்கில் இன்னொருவர் அதைச் செய்ய 84 ஆண்டுகள் ஆயின. 1882-ல் டெட்ராய்ட் அணிக்கு எதிராக 18 இன்னிங்ஸ் தனியாளாக வீசி, ஒரு ஓட்டமும் கொடுக்காமல் 1–0 என்று வென்றார்.

எந்தக் கைக்கும் ஓர் எல்லை உண்டு. 1883-ல் நியூயார்க் அணிக்குப் போனார், மறு ஆண்டு வலது கை கெட்டது. பெரும்பாலான பிட்சர்களின் கதை அங்கே முடிந்துவிடும். வார்டு இடது கையால் எறியப் பழகிக்கொண்டு நடு மைதானத்தில் நின்றார். வலது கை தேறியதும் ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு வந்து, அந்த இடத்திலும் நாட்டின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவரானார். 1887-ல், அன்றைய கணக்கு முறைப்படி, 111 பேஸ்களைத் திருடினார். இதற்கிடையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1885-ல் பட்டமும் வாங்கிவிட்டார்.

சட்டம் படித்தது வீட்டு அலமாரியில் வைக்க அல்ல. அவர் ஆடிக்கொண்டிருந்த தொழிலின் அடியில் ஒரு விதி கிடந்தது. அதை முழுதாகப் புரிந்துகொள்ள ஒரு வழக்கறிஞர் தேவைப்பட்டார்.

1879 செப்டம்பர் 29 அன்று நேஷனல் லீக்கின் கிளப் முதலாளிகள் பஃபலோவில் கூடி, வெளியே சொல்லாமல் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு கிளப்பும் தன் ஆட்டக்காரர்களில் ஐந்து பேரைக் குறித்துக்கொள்ளலாம். அந்த ஐவரை மற்ற எந்தக் கிளப்பும் அழைக்கக்கூடாது. பாஸ்டன் கிளப்பின் தலைவர் ஆர்தர் சோடன்தான் இதற்கு முன்கை எடுத்தவர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. ஆட்டக்காரர்களின் சம்பளம் ஏறுவதற்குக் காரணம் முதலாளிகள் ஒருவரோடொருவர் போட்டி போடுவதுதான், அந்தப் போட்டியை நிறுத்திவிட்டால் சம்பளமும் நிற்கும் என்பது அதன் உள்கணக்கு. இதுவே ரிசர்வ் விதி.

முதலில் ஐந்து பேர். 1883-ல் பதினொருவர். பிறகு பன்னிரண்டு, 1887-ல் பதினான்கு. அன்றைய அணிகளின் அளவுக்குப் பதினான்கு என்றால் அனேகமாக எல்லோரும்தான். ஒப்பந்தம் ஓராண்டுக்கு என்று காகிதம் சொல்லும். ஆண்டு முடிந்ததும் கிளப் அவரைக் குறித்துக்கொள்ளும். அவர் அதே கிளப்போடு, கிளப் சொல்லும் சம்பளத்துக்குக் கையெழுத்திட வேண்டும், அல்லது தொழிலை விட வேண்டும். மீறினால் கறுப்புப் பட்டியல். அதில் பெயர் ஏறியவரை எந்த ஊரிலும் யாரும் எடுக்க மாட்டார்கள். கிளப் அவரை இன்னொரு கிளப்புக்கு விற்கலாம், அதற்கு அவர் சம்மதம் வேண்டாம். வேண்டாம் என்று தோன்றினால் பத்து நாள் முன்னறிவிப்பில் அனுப்பிவிடலாம். சீருடைக்கும் வெளியூர்ச் சாப்பாட்டுக்கும் அவர் சம்பளத்திலேயே பிடித்தமும் உண்டு.

இந்த விதி முதலில் யார்மேல் விழுந்தது என்பதை வார்டு பக்கத்திலிருந்தே பார்த்தார். 1879-ல் பிராவிடன்ஸ் அணியைச் சாம்பியன் ஆக்கியவர் ஜார்ஜ் ரைட். 1869-ல் நாடு முழுவதும் சுற்றி வந்த சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ், வெளிப்படையாகச் சம்பளம் வாங்கி ஆடிய முதல் அணி. அதன் ஷார்ட்ஸ்டாப் ரைட்தான், 1,400 டாலருடன் அணியிலேயே அதிகச் சம்பளம் வாங்கியவர். தொழில்முறை பேஸ்பால் என்ற ஒன்று உண்டாகக் காரணமான ஆட்களில் ஒருவர் என்றே அவரைச் சொல்லலாம். சாம்பியன் பட்டம் வென்றபின் அவர் தன் ஊரான பாஸ்டனுக்குத் திரும்ப விரும்பினார், அங்கே அவருக்கு விளையாட்டுப் பொருள் கடை இருந்தது. பிராவிடன்ஸ் கிளப் அவரைக் குறித்துக்கொண்டது. ரைட் மறுத்தார். விளைவு, 1880 பருவம் முழுவதிலும் ஒரே ஓர் ஆட்டம். முப்பத்து மூன்று வயதில், இன்னும் ஆடத் தெம்பு இருந்தபோதே, நாட்டின் மிகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. அப்போது வார்டுக்கு இருபது வயது.

1885 அக்டோபர் 22 அன்று நியூயார்க் அணியின் ஒன்பது பேர் கூடி தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர் சகோதரத்துவம் என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். வார்டு தலைவர். நோயுற்ற ஆட்டக்காரருக்கு உதவுவது போன்ற சாதுவான நோக்கங்கள்தான் வெளியே சொல்லப்பட்டன. மற்ற அணிகளிலும் கிளைகள் ஒன்றொன்றாக உருவாயின. அமெரிக்க விளையாட்டுத் துறையில் அதற்குமுன் இப்படி ஒரு சங்கம் இருந்ததில்லை.

1887 பிப்ரவரியில் சிகாகோ கிளப் தன் நட்சத்திரமான மைக் கெல்லியை பாஸ்டனுக்கு 10,000 டாலருக்கு விற்றது. நாடே வாய் பிளந்தது. அந்தப் பத்தாயிரமும் ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப்புக்குப் போனது. கெல்லியின் உழைப்புக்குத்தான் அந்த விலை, ஆனால் அதில் கெல்லிக்குப் பங்கில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் லிப்பின்காட்ஸ் மாத இதழில் வார்டு ஒரு கட்டுரை எழுதினார். பேஸ்பால் ஆட்டக்காரன் விற்பனைச் சரக்கா என்பதே அதன் தலைப்புக் கேள்வி. ரிசர்வ் விதியை அவர் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் பழைய சட்டத்தோடு ஒப்பிட்டார்.

இங்கே நின்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது 22 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வார்டின் கட்டுரை வெளிவருவதற்கு முந்தைய மாதம், ஜூலை 14 அன்று, இன்டர்நேஷனல் லீக்கின் முதலாளிகள் பஃபலோவில் கூடி, இனிமேல் கறுப்பின ஆட்டக்காரர்களோடு புது ஒப்பந்தம் கூடாது என்று வாக்களித்தார்கள். அதே நாளில் நியூவார்க்கில், கறுப்பினப் பிட்சர் ஜார்ஜ் ஸ்டோவி களமிறங்கினால் தன் அணி ஆடாது என்று சிகாகோவின் கேப்டன் கேப் ஆன்சன் அடம்பிடித்து வென்றார். 1884-ல் டொலீடோ அணிக்காக உயர்மட்ட லீக்கில் ஆடிய மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கருக்கு மறுபடி அந்தக் கதவு திறக்கவில்லை. பிறகு அறுபது ஆண்டுகள் எந்தக் கறுப்பின ஆட்டக்காரருக்கும் திறக்கவில்லை.

வார்டின் சங்கம் இதை எதிர்த்து ஒரு தீர்மானம் போட்டதாகப் பதிவில்லை. அவர் கட்டுரையில் அடிமைத்தனம் ஓர் உவமை. அந்த உவமையின் உண்மைப் பிள்ளைகள் அதே கோடையில் அதே தொழிலிலிருந்து துரத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வார்டை மதிக்கிறேன் என்பதாலேயே இதைச் சொல்கிறேன். ஒரு மனிதனை அவன் சம்மதமின்றி விற்பது தவறு என்று இவ்வளவு தெளிவாகக் கண்ட கண்ணுக்கு, ஒரு மனிதனை அவன் நிறத்துக்காக வாசலிலேயே நிறுத்துவது கண்ணில் படாமல் போனது. ரிசர்வ் விதியும் நிறத்தடையும் ஒரே வகையில் வேலை செய்தன. இரண்டும் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. இரண்டும் முதலாளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட பேச்சுக்கட்டு. ஒன்றை உடைக்கத் தெரிந்த வாதம் மற்றதையும் உடைத்திருக்கும்.

1887 நவம்பரில் நேஷனல் லீக் சங்கத்தை அங்கீகரித்தது. வார்டும் இரண்டு தோழர்களும் முதலாளிகளோடு மேசையில் உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் புதிதாக எழுதப்பட்டது. வார்டு புரட்சி பேசியவர் இல்லை. ரிசர்வ் விதியை உடனே ஒழிக்க முடியாது, அணிகள் ஓரளவு நிலையாக இருக்க அது உதவுகிறது என்று அவரே ஒப்புக்கொண்டிருந்தார். அதன் கொடுமைகளைக் குறைத்தால் போதும் என்பதுதான் அவர் கேட்டது. அந்த நிதானத்துக்குக் கிடைத்த பதில்தான் அவரை மாற்றியது.

சிகாகோ கிளப்பின் அதிபரும் விளையாட்டுப் பொருள் வியாபாரியுமான ஆல்பர்ட் ஸ்பால்டிங் 1888 நவம்பரில் இரண்டு அணிகளைத் திரட்டிக்கொண்டு உலகப் பயணம் கிளம்பினார். ஒன்று ஆன்சன் தலைமையில் சிகாகோ அணி. மற்றது பல கிளப்களிலிருந்து பொறுக்கியெடுத்த அணி, அதற்கு வார்டு கேப்டன். சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா என்று ஆடிக்கொண்டே வந்தார்கள். 1889 ஜனவரிக் கடைசியில் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடினார்கள். நம் கரைக்கு இவ்வளவு அருகே அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் வந்த முதல் நாள் அது. பிப்ரவரியில் எகிப்தின் பிரமிடுகளின் அடியில் ஆடினார்கள். அங்கிருந்து இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன்.

கப்பல் பசிபிக் கடலில் போய்க்கொண்டிருந்த அதே நாட்களில் நேஷனல் லீக் ஒரு புது விதியை நிறைவேற்றியது. இந்தியானாபோலிஸ் கிளப்பின் முதலாளி ஜான் பிரஷ் கொண்டுவந்த திட்டம். ஆட்டக்காரர்கள் அனைவரும் ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்படுவார்கள். மேல் வகுப்புக்கு ஆண்டுக்கு 2,500 டாலர், கடைசி வகுப்புக்கு 1,500. வகுப்பை முடிவு செய்வது ஆட்டத் திறன் மட்டும் இல்லை. நடத்தையும் பழக்கவழக்கமும் சேரும், அவற்றை மதிப்பிடுவது லீக் தலைமை. சங்கத்தோடு கலந்து பேசவில்லை. பேச வேண்டிய ஆள் கடலில் இருந்தார், பசிபிக்கின் குறுக்கே அப்போது தந்திக் கம்பியும் கிடையாது.

இது திட்டமிட்டதா, தற்செயலா என்று வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கலாம். ஸ்பால்டிங்கின் சாமர்த்தியத்தை அறிந்தவர்கள் தற்செயல் என்று எளிதில் சொல்ல மாட்டார்கள். வார்டு மற்றவர்களுக்கு முன்பாகவே பயணத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். பேச்சுவார்த்தைக்கு நேரம் கேட்டார். பருவம் முடியட்டும், அவசரம் என்ன என்று பதில் வந்தது. ஜூலை 4 அன்று எல்லோரும் மட்டையைக் கீழே வைத்துவிடலாம் என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். வார்டு தடுத்தார். வேலைநிறுத்தம் செய்தால் ஒப்பந்தத்தை மீறியது நாமாகிவிடுவோம், பருவத்தை ஒழுங்காக முடிப்போம், அதற்குள் வேறொன்றைக் கட்டுவோம் என்பது அவர் வழி. அந்தக் கோடை முழுக்க, பகலில் ஆடிக்கொண்டே, ஊர் ஊராக முதலீட்டாளர்களைத் தேடினார்கள். கிளீவ்லாந்தில் டிராம் கம்பெனி நடத்திய ஆல் ஜான்சன் முதலில் முன்வந்தார். அந்தப் பருவத்தில் நியூயார்க் அணி சாம்பியன் பட்டத்தையும் வென்றது. இரகசியமாக ஒரு லீக்கையே உருவாக்கிக்கொண்டு களத்தில் இப்படி ஆடியதை நினைத்தால் வியப்புதான் வருகிறது.

1889 நவம்பர் 4 அன்று அறிவிப்பு வந்தது. 1890-ல் ஆட்டக்காரர்களின் லீக் களமிறங்கும். எட்டு நகரங்கள், எட்டு அணிகள். ஆட்டக்காரர்களைச் செம்மறி ஆடுகளைப் போல வாங்கி விற்கிறார்கள் என்று அந்த அறிக்கை குற்றம் சாட்டியது. புது லீக்கில் ரிசர்வ் விதி கிடையாது. சம்மதமின்றி யாரையும் இடம் மாற்ற முடியாது. நுழைவுச் சீட்டு வருமானம் இரு அணிகளுக்கும் சரிபாதி. லீக்கை ஆளும் அவையில் பதினாறு பேர், எட்டுப் பேர் முதலீட்டாளர்கள், எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். லாபத்திலும் ஆட்டக்காரர்களுக்குப் பங்கு. நேஷனல் லீக்கின் முன்னணி ஆட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் வந்துவிட்டார்கள். பின்னாளில் ஐம்பது ஆண்டுகள் பிலடெல்பியா அணியை நடத்தப்போகும் கானி மேக், தன் சேமிப்பை எடுத்து பஃபலோ அணியில் போட்டார். ஆன்சன் வரவில்லை.

கிளப்கள் நீதிமன்றத்துக்கு ஓடின. முதல் வழக்கே வார்டின் மீதுதான். 1890 ஜனவரி 28 அன்று நியூயார்க் நீதிபதி மார்கன் ஓபிரையன் தடையாணை தர மறுத்தார். ஆட்டக்காரரை ஆண்டுக்கு ஆண்டு முடிவில்லாமல் கட்டிவைக்கிறீர்கள், ஆனால் கிளப் மட்டும் பத்து நாளில் கழன்றுகொள்ளலாம். அடுத்த ஆண்டுக்கான சம்பளம் என்ன, நிபந்தனை என்ன என்று எதுவுமே எழுதப்படவில்லை. இதை இரு தரப்புக்கும் சமமான ஒப்பந்தம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டது தீர்ப்பு. இன்னொரு ஆட்டக்காரரான பக் யூயிங் மீதான வழக்கும் இதே வழியில் விழுந்தது. சட்டக்களத்தில் ஆட்டக்காரர்கள் வென்றார்கள்.

வாசலிலும் வென்றார்கள். இரண்டு லீக்குகளும் ஒரே ஊரில், ஒரே நாளில், ஒரே நேரத்தில் ஆட்டம் வைத்தன. நியூயார்க்கில் இரு மைதானங்களும் ஒட்டியபடியே இருந்தன, நடுவே ஒரு சந்து. மே மாதம் ஒருநாள் நேஷனல் லீக் மைதானத்தில் மைக் டியர்னன் அடித்த ஹோம் ரன் சுவரைத் தாண்டிப் போனபோது, பக்கத்து மைதானத்தில் வேறு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் எழுந்து ஆரவாரித்தார்கள். ஆண்டு முடிவில் ஆட்டக்காரர் லீக்குக்கு 9.8 லட்சம் பார்வையாளர்கள், நேஷனல் லீக்குக்கு 8.1 லட்சம் என்று கணக்கு வெளியானது. இரு தரப்பும் எண்ணிக்கையைக் கூட்டித்தான் சொன்னார்கள். இருந்தாலும் கூட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே ஊரின் கூட்டத்தை இருவர் பங்கு போட்டதில் இருவருக்குமே நஷ்டம். ஆட்டக்காரர் லீக் ஐம்பது சென்ட் சீட்டு வைத்தது, ஞாயிறு ஆட்டம் வைக்கவில்லை. உழைக்கும் மக்களின் ஆதரவை நம்பிய லீக், அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நாளில் கதவை மூடியது. அது பிழை என்றே நினைக்கிறேன்.

ஸ்பால்டிங் ஆள் பிடிக்கவும் முயன்றார். 1911-ல் வெளியான தன் நூலில் அவரே சொன்ன கதை இது. மைக் கெல்லியைத் தனியே அழைத்து 10,000 டாலர் காசோலையையும், தொகை எழுதாத மூன்றாண்டு ஒப்பந்தத்தையும் முன்னால் வைத்தார். கெல்லிக்கு எப்போதும் கையில் காசு நிற்காது. கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பி வந்து, தோழர்களைக் கைவிட முடியாது என்று மறுத்தார். பிறகு ஸ்பால்டிங்கிடமே 500 டாலர் கடன் கேட்டு வாங்கிப் போனாராம். அந்தப் பருவத்தில் கெல்லி நடத்திய பாஸ்டன் அணி சாம்பியன் ஆனது, வார்டின் புரூக்ளின் அணி இரண்டாவது வந்தது.

லீக் தோற்ற இடம் நீதிமன்றமும் இல்லை, மைதானமும் இல்லை. அக்டோபரில் ஒரு அறையில் தோற்றது. நஷ்டக் கணக்கைப் பார்த்துப் பதறிய முதலீட்டாளர்கள், நேஷனல் லீக் முதலாளிகளோடு சமரசம் பேசப் போனார்கள். எதிர்த்தரப்பும் திவாலாகும் நிலையில் இருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. ஸ்பால்டிங் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை, சரணடைவதைத் தவிர எதையும் ஏற்க மாட்டேன் என்ற தோரணையில் உட்கார்ந்திருந்தார். பேச்சுவார்த்தையில் ஆட்டக்காரர்களும் இருக்க வேண்டும் என்று வார்டு போய் நின்றார். முதலாளிகளுக்கும் முதலாளிகளுக்கும் இடையிலான விஷயம் இது என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். நியூயார்க் முதலீட்டாளர் எட்வர்ட் டால்காட் முதலில் தன் பங்கை விற்றுக் கைகோத்தார். ஒவ்வொருவராக நழுவினார்கள். 1891 ஜனவரியில் எல்லாம் முடிந்தது.

பதினாறு பேர் அவையில் பாதி இடம் ஆட்டக்காரர்களுக்கு இருந்தது உண்மை. மைதானத்தின் பத்திரமும் வங்கிக் கணக்கும் மற்ற எட்டுப் பேர் கையில் இருந்ததும் உண்மை. ஆட்டக்காரனுக்கு நிர்வாகம் தெரியவில்லை என்ற பழைய விளக்கம் இந்த இடத்தில்தான் உடைகிறது. பயந்தவர்களும் ஏமாந்தவர்களும் நிர்வாகம் தெரிந்தவர்களாகக் கருதப்பட்ட வியாபாரிகள். இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் நேஷனல் லீக்கே பேச வந்திருக்கும் என்று ஊகிக்க இடமிருக்கிறது. வார்டு செய்த தவறு ஒன்று உண்டென்றால், ரிசர்வ் விதியின் நூலிழைகளை அவ்வளவு கூர்ந்து படித்தவர், தன் கூட்டாளிகளோடு செய்த ஏற்பாட்டில் வெளியேறும் வழியை அடைக்காமல் விட்டதுதான்.

அதன் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1892-ல் நாட்டில் ஒரே உயர்மட்ட லீக்தான் மிஞ்சியது. போட்டி ஒழிந்ததும் சம்பளம் சரிந்தது. ஆட்டக்காரர்களின் லீக் நியூயார்க்கில் கட்டிய மைதானத்துக்கு நேஷனல் லீக் அணி குடிவந்து, போலோ கிரவுண்ட்ஸ் என்ற தன் பழைய மைதானப் பெயரையும் அதற்குச் சூட்டி, 1957 வரை அங்கேயே ஆடியது. வார்டு புரூக்ளினிலும் பிறகு நியூயார்க்கிலும் ஆடிக்கொண்டே அணியை நடத்தினார். 1894-ல் டெம்பிள் கோப்பையில் பால்டிமோர் அணியை 4–0 என்று துடைத்துவிட்டு, 34 வயதில் விலகினார். வழக்கறிஞராக உட்கார்ந்தபின் கிளப்களுக்கு எதிராக ஆட்டக்காரர்களுக்கு வாதாடினார். 1896-ல் பிட்சர் ஏமஸ் ரூசி அபராதத்தை எதிர்த்து ஆடாமல் ஓராண்டு வீட்டில் இருந்தபோது அவர் பக்கம் நின்றவர் வார்டு. வழக்கு நீதிமன்றம் போனால் ரிசர்வ் விதியே உடையும் என்று பயந்து, மற்ற கிளப் முதலாளிகள் தங்களுக்குள் பணம் திரட்டி ரூசியைச் சமாதானப்படுத்தினார்கள்.

1912-ல் வார்டே பாஸ்டன் பிரேவ்ஸ் கிளப்பின் தலைவர் ஆனார். ரிசர்வ் விதி அப்போதும் இருந்தது. ஒரு காலத்தில் தான் எதிர்த்த நாற்காலியில் அவரே உட்கார்ந்தார், சில மாதங்களில் எழுந்தும் போனார். இதை வைத்து அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் துரோகம் தெரியவில்லை. தோற்றுப்போன ஒருவர் தனக்குப் பிடித்த தொழிலில் எங்காவது ஓர் ஓரத்தில் இருக்கப் பார்த்தார் என்றே தெரிகிறது. 1925 மார்ச் 4 அன்று, 65-வது பிறந்தநாளுக்கு மறுநாள், ஜார்ஜியாவின் அகஸ்டாவில் நிமோனியாவால் இறந்தார்.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான், 1922-ல், பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையேயான வர்த்தகம் ஆகாது, எனவே ஏகபோகத் தடைச் சட்டம் அதைத் தொடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஓபிரையன் திறந்துவிட்ட கதவு அங்கே மூடப்பட்டது. 1964-ல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள புகழ்க்கூடத்தில் வார்டின் வெண்கலப் பலகையை மாட்டினார்கள். ஸ்பால்டிங்குக்கு அந்த இடம் 1939-லேயே கிடைத்துவிட்டது. வார்டின் பலகையில் வெற்றிகள் இருக்கின்றன, ஹிட்கள் இருக்கின்றன, அணிகளை நடத்தியது இருக்கிறது. சங்கம் இல்லை, ஆட்டக்காரர் லீக் இல்லை. நவீன பேஸ்பால் அமைப்பை நிறுவுவதில் முக்கியப் பங்காற்றியவர் என்ற பாராட்டு மட்டும் இருக்கிறது. அவர் உடைக்க முயன்ற அமைப்பைக் கட்டியவராகவே அவரைப் பலகையில் பதித்துவிட்டார்கள். அந்தப் பலகை திருத்தப்பட வேண்டும்.

1969-ல் செயின்ட் லூயிஸ் அணியின் கர்ட் ஃப்ளட் கேளாமலே பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டார். பன்னிரண்டு ஆண்டு ஆடிய என்னைப் பொருளாக வாங்கி விற்பதை ஏற்க மாட்டேன் என்று டிசம்பர் 24 அன்று பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதி, வழக்கும் தொடுத்தார். ஃப்ளட் கறுப்பினத்தவர். வார்டின் கையில் உவமையாக இருந்த சொல் அவரிடம் குடும்ப வரலாறாக வந்தது. 1970-ல் அவருக்காகச் சாட்சி சொல்ல அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட வரவில்லை. ஜாக்கி ராபின்சன் வந்தார். 1947-ல் நிறத்தடையை உடைத்தவர், சர்க்கரை நோயால் தளர்ந்த உடம்போடு வந்து கூண்டில் ஏறினார். 1887-ல் வார்டின் சங்கம் கூட்டாளிகளாகப் பார்க்கத் தவறிய மக்களிடமிருந்து வந்த இருவர் அந்தச் சங்கத்தின் பழைய வழக்கை நடத்தினார்கள். 1972-ல் ஃப்ளட் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்.

அதற்குள் சங்கம் மறுபடி எழுந்திருந்தது. எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்த மார்வின் மில்லர் 1966 முதல் அதை நடத்தினார். சட்டமன்றத்தையோ நீதிபதியையோ நம்பாமல், தகராறுகளை நடுநிலையாளரிடம் கொண்டுபோகும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார். ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரு ஆட்டக்காரர்கள் 1975 பருவத்தில் புது ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலே இருந்தார்கள். ஓராண்டு என்று எழுதியிருப்பது ஓராண்டுதான், என்றென்றைக்கும் அல்ல என்று 1975 டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்பளித்தார். முதலாளிகள் உடனே அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். தீர்ப்பை நீக்க முடியவில்லை. அந்த ஆண்டு சுமார் 45,000 டாலராக இருந்த சராசரிச் சம்பளம் பத்தாண்டுகளில் 3.7 லட்சத்தைத் தாண்டியது. 1879-ல் சோடன் போட்ட கணக்கு சரிதான், அவர் அடைத்து வைத்திருந்தது இவ்வளவு பணத்தை.

விடுதலையான மெசர்ஸ்மித் 1976 ஏப்ரலில் அட்லான்டா பிரேவ்ஸ் கிளப்போடு ஒப்பந்தம் செய்தார். பாஸ்டனில் பிறந்து, 1953-ல் மில்வாக்கிக்கும் 1966-ல் அட்லான்டாவுக்கும் குடிபெயர்ந்த கிளப் அது. ஆர்தர் சோடன் நடத்தியதும், வார்டு சில மாதங்கள் தலைவராக இருந்ததும் அதே கிளப்தான்.